அக்காவின் நாற்பதடிப் பெட்டி

அக்கா ஜேர்மனியை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வரப்போகிறாள் என்று முடிவானதும் எங்கள் வீட்டில் நடந்த முதல் வேலை அளவெடுப்பு. என் கணவர் ஒரு தச்சரிடம் அளவுநாடாவை இரவல் வாங்கி வந்தார். முன்வாசலில் ஒரு நுனியை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநுனியோடு வீட்டுக்குள் நடந்தார்.

"இருபதடிப் பெட்டி எண்டா இந்தா, முன்னறை தாண்டி சாப்பாட்டு மேசையடியில முடியுது," என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். "நாப்பதடி எண்டா குசினியும் தாண்டிக் கிணத்தடிக்குப் போகும் போல."

"அப்ப நாப்பதடிதான்," என்றேன்.

அவர் சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் விளங்கியது.

எங்கள் வீடு புளியந்தீவில், கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில் இருக்கிறது. அந்த வீட்டைக் கட்டியது அக்காவின் உழைப்பு. எனக்குக் கலியாணம் பேசியபோது சீதனமாகக் கொடுக்க எங்களிடம் வீடு இருக்கவில்லை. அக்கா அங்கிருந்து அனுப்பி அனுப்பித்தான் அத்திவாரத்திலிருந்து ஓடு வரைக்கும் எழும்பியது. அவள் கலியாணம் செய்யவில்லை. வயோதிபர்கள் தங்கும் இல்லமொன்றில் துப்புரவு வேலை செய்தாள். படுக்கை மாற்றுவது, கழுவுவது, துடைப்பது. இதை எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவோம். ஆனால் வெளியே யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில் வேலை" என்றுதான் நான் சொல்லி வந்தேன். நான் வீட்டில் கேக் செய்து விற்கிறவள். நத்தாருக்கும் கலியாணத்துக்கும் பிள்ளைகளின் முதல் நன்மைக்கும் நாலுபேர் என் வாசலுக்கு வருவார்கள். அவர்களிடம் ஆஸ்பத்திரி என்று சொல்வது எனக்கு இலகுவாக இருந்தது.

சாமான்களை எப்படி அனுப்புவது என்று அக்கா தொலைபேசியில் கேட்டபோது, அவளே ஒரு வழியை விசாரித்து வைத்திருந்தாள்.

"என்ட சாமானுக்கு ஒரு முழுப் பெட்டி தேவயில்ல கா," என்றாள், எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிடும் அந்தக் "கா" மாறாமல். "வேற ஆக்கள்ட சாமானோட சேர்த்து ஒரே கொண்டெய்னர்ல ஏத்துவாங்களாம். எனக்கு ஒரு மூலை போதும். கொழும்பில பிரிச்சுத் தருவாங்களாம்."

"பிரிச்சு எடுத்து ஒரு சின்ன லொறியில கொண்டந்து இறக்கிறதோ?" என்றேன். "முப்பது வருசத்துக்கு மேல அங்க இருந்துட்டு வாறீங்க. தனிப் பெட்டியா எடுங்க அக்கா."

"அப்ப இருபதடி."

"இருபதடியில என்னத்த வைக்கிறது? அங்கால தெருவில ஒரு மனிசி லண்டன்ல இருந்து நாப்பதடி கொண்டு வந்தவ. சனம் நிண்டு பாத்தது."

அக்கா மெதுவாக, "அத நிரப்ப எனக்கிட்டச் சாமான் இல்லயே கா," என்றாள். "அரவாசி வெறுமயாக் கிடந்தா கப்பல் ஆடக்குள்ள எல்லாம் உருண்டு உடைஞ்சிருமாம். சுவர் முட்ட இறுக்கி அடுக்கோணுமாம்."

"அப்ப நிரப்புங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் எத்தின பேர் இருக்கிறாங்க அங்க."

அவள் "சரி கா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்தச் "சரி"யின் பாரத்தை நான் அன்றைக்கு உணரவில்லை.

அதன் பிறகு கொள்கலன்களைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்தேன். கேக் வேகிற நேரத்தில் கைத்தொலைபேசியில் காணொளி பார்ப்பேன். உலகம் முழுக்க ஒரே அளவில்தான் அந்தப் பெட்டிகளைச் செய்கிறார்கள். எட்டடி அகலம். நீளம் இருபது அல்லது நாற்பது. எந்த நாட்டுப் பெட்டியும் எந்த நாட்டுக் கப்பலிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி நிற்கும். நான்கு மூலையிலும் உள்ள இரும்புக் குழிகளில் கொளுவித் தூக்கி, கப்பலிலிருந்து அப்படியே லொறியில் வைக்கலாம். நாற்பதடியில் இன்னும் ஓரடி உயரம் கூடிய ஒரு வகையும் உண்டு. அக்காவுடையது அந்த உயரமான வகை என்று தெரிந்ததும் என் கால் நிலத்தில் நிற்கவில்லை. பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது யாராவது அக்காவைப் பற்றிக் கேட்டால், நான் அந்தப் பெட்டியைப் பற்றியே சொல்லிக்கொண்டு நிற்பேன். இரண்டு மடங்கு நீளமென்பதால் இரண்டு மடங்கு பாரம் ஏற்ற முடியாது, பாரமான சாமானுக்குச் சின்னப் பெட்டியே போதும் என்றும் எங்கோ படித்தேன். அதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை.

வரப்போகும் சாமான்களுக்கு இடம் வேண்டுமென்று எங்கள் பழைய கதிரைகள், அலுமாரி, சாப்பாட்டு மேசை எல்லாவற்றையும் கதிரவெளியில் இருக்கும் என் கணவரின் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். என் கணவர் வேண்டாமென்றுதான் சொன்னார்.

"பெட்டி வந்து சேரட்டும், மறுகா குடுப்பம்."

"வந்த பிறகு எங்க வைக்கிற? தலையிலயோ?" என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

அக்கா விமானத்தில் முன்னதாகவே வந்தாள். வெறுமையாகக் கிடந்த முன்னறையைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல காத்தோட்டமாக் கிடக்கு," என்று சொல்லி அங்கேயே பாயை விரித்துப் படுத்தாள். தலை நரைத்து, முழங்கால் இரண்டும் பழுதாகி இருந்தது. படியேறும்போது ஒரு கையால் சுவரைப் பிடிப்பாள். பெட்டி கொழும்புக்கு வந்ததும் என் கணவரோடு அவள் போய், சுங்கத்தில் திறந்து காட்டி, மீண்டும் பூட்டி முத்திரையிட்டு வாகனத்தில் அனுப்புகிற ஏற்பாட்டையும் செய்துவிட்டு வந்தாள். திரும்பி வந்த கணவரிடம், "என்னென்ன கிடக்கு உள்ள?" என்று கேட்டேன். "கதவடியில மட்டும்தான் திறந்து பாத்தாங்க. நிறைய பழைய சாமான் போலக் கிடந்தது," என்றார். "முன்னுக்குப் பழசத்தானே வைப்பாங்க," என்று நான் சமாதானம் செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில் அந்த நீள லொறி பாலம் கடந்து வந்தது. பெட்டி மங்கிய செங்கல் நிறம். பக்கவாட்டில் மடிப்பு மடிப்பான தகடு, இரண்டு இடத்தில் நசுங்கல். சாரதி ஒரு சிங்களப் பெரியவர், இரவெல்லாம் ஓட்டி வந்த களைப்பு முகத்தில். எங்கள் ஒழுங்கை வாயிலைப் பார்த்தார், இறங்கி நடந்து பார்த்தார், தலையை ஆட்டினார். அகலம் மட்டுமட்டாகப் போதும்தான். ஆனால் அவ்வளவு நீளத்தைத் திருப்பி உள்ளே நுழைக்க வழியே இல்லை. என் கணவர் ஒழுங்கையின் அகலத்தை அளந்திருந்தார். திருப்பத்தை அளக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

லொறி வாவிக்கரை வீதியில் ஓரமாக நின்றது. அங்கேயே இறக்குவது என்று முடிவாயிற்று. பெட்டியின் தளம் என் கழுத்தளவு உயரத்தில் இருந்தது. பலகைகளைச் சாய்த்து வைத்து இறக்க, கூலிக்கு நான்கு பேரை என் கணவர் பிடித்து வந்தார். கோயிலால் வந்தவர்களில் பாதிப்பேர் வீட்டுக்குப் போகவில்லை. நான் இத்தனை மாதமாகச் சொல்லிச் சொல்லி அவர்களை அந்த இடத்தில் நிற்பதற்குத் தயாராக்கி வைத்திருந்தேன். முன் வரிசையில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சர், குடையை மடித்துப் பிடித்தபடி. அவரிடம்தான் கூடுதலாகச் சொல்லியிருந்தேன்.

சாரதி முத்திரையை வெட்டி, இரும்புத் தண்டுகளைத் திருப்பிக் கதவைத் திறந்தார். முதலில் வெளியே வந்தது மணம். நனைந்த துணியை மூடி வைத்துத் திறந்தது போல. வெயிலிலும் குளிரிலும் மாறி மாறிக் கடலில் வரும்போது பெட்டிக்குள்ளே கூரைத் தகடு வியர்த்துச் சொட்டும் என்று நான் காணொளியில் பார்த்திருந்தேன். கதவடியில் நிமிர்த்தி வைத்திருந்த மெத்தைகளில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவற்றைத் தள்ளியதும் உள்ளே தெரிந்தவை: ஒன்றோடு ஒன்று சேராத கதிரைகள். குளிர்காலத்து மேலங்கிகள் அடைத்த பைகள். அறையைச் சூடாக்கும் இரும்பு இயந்திரங்கள். நடக்க முடியாதவர்கள் பிடித்து நடக்கும் சட்டங்கள். தலைமாட்டைச் சுற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று.

அக்கா ஒருவரிடமும் கேட்காமல், முழங்கால் நோவோடு, ஒரு கூலியாளின் தோளைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறிவிட்டாள். எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். முதலாவதாக அவள் வாசலுக்கு நகர்த்திக் கொண்டு வந்தது ஒரு கதிரை. இருக்கையின் நடுவில் வட்டமாக ஓட்டை, கீழே வாளி வைக்கும் தட்டு. படுக்கையில் கிடப்பவர்கள் மலசலம் கழிக்கும் கதிரை.

சனத்துக்குள் யாரோ சிரித்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை "அது என்னம்மா?" என்று கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தியது எனக்குத் தெரிந்தது. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன, உங்கட அக்காட சாமானா இது?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டார்.

"இல்ல டீச்சர்," என்றேன். என் வாய் தன்பாட்டில் பேசியது. "இது வேற ஆக்கள்ட. நாப்பதடிதானே, இடம் மிச்சம் எண்டு இன்னொரு குடும்பத்துட சாமானயும் சேர்த்து ஏத்தியிருக்கிறாங்க. அவங்க வந்து எடுப்பாங்க."

சொன்னபோது நான் லொறிக்குக் கிட்டத்தான் நின்றேன். வெளியே பேசுவது இரும்புப் பெட்டிக்குள் எடுப்பாகக் கேட்கும். அக்கா அந்தக் கதிரையின் கைப்பிடியில் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவள் கூலியாட்களிடம், "தம்பி, இத அங்கால மதிலோட வைங்க. இது அவங்கட," என்றாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைக்கும்போது இன்றைக்கும் என் காது சூடாகிறது. அக்கா ஒவ்வொரு சாமானையும் பெட்டி வாசலுக்குக் கொண்டு வந்து நிறுத்தி, என்னைப் பார்த்து, "இது ஆர்ட?" என்று கேட்டாள். நான் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடி அலுமாரி வந்தது. "எங்கட." கால் ஒன்று மாற்றிப் போட்ட மேசை. "அவங்கட." சலவை இயந்திரம். "எங்கட." மேலங்கிப் பைகள். "அவங்கட." அவள் குரலில் கோபம் இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளரிடம் கேட்பது போலத் தெளிவாகக் கேட்டாள், நான் சொன்னபடி ஆட்களை ஏவினாள். எங்களுடையது ஒழுங்கைக்குள் வீட்டுக்குப் போனது. "அவர்களுடையது" வாவிக்கரை மதிலோரம் குவிந்தது. குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. என் கணவர் என்னிடம் வந்து, "இஞ்சாருங்க, என்ன செய்யிறீங்க நீங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். நான் அடுத்து வந்த பையைப் பார்த்தேன். அவர் சாரதிக்குத் தேநீர் வாங்கப் போகிறேனென்று போய்விட்டார்.

பெட்டியில் முதலில் ஏற்றியது கடைசியில்தான் இறங்கும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தேன், அன்றைக்கு மட்டும் யோசிக்கவில்லை. வெயில் ஏறி, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பாதியாகக் குறைந்த பிறகு, பெட்டியின் கடைசி அந்தத்தில், சுவரோடு அணைத்துப் பழைய கம்பளிகளால் சுற்றி வைத்திருந்தவை வந்தன. புதுச் சாமான்கள். கடை மட்டையே பிரிக்காதவை. என் மகளுக்கு ஒரு தையல் இயந்திரம். என் கணவருக்குத் துளைக்கும் கருவி. கடைசியாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தது, ஒரே தடவையில் நாலு தட்டுக் கேக் வேகக்கூடிய பெரிய மின்னடுப்பு. மட்டையின் மேலே அதன் படம் இருந்தது.

அக்கா அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், "இது ஆர்ட?"

டீச்சர் இன்னும் அங்கேதான் நின்றார்.

"சொல்லு கா. ஆர்ட இது?"

"எங்கட," என்றேன்.

அந்தச் சொல்லைப் போல வெட்கங்கெட்ட சொல்லை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை.

பெட்டி வெறுமையானதும் அக்கா ஒரு தும்புத்தடியை வாங்கி உள்ளே கூட்டினாள். வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும்போது சுத்தமாக இருக்க வேண்டுமாம். சாரதி ஏறி அதை வாங்கப் பார்த்தார், அவள் கொடுக்கவில்லை. நாற்பதடி நீளத்துக்கு அந்தப் பலகைத் தளத்தை அவள் குனிந்து கூட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி நான் வீதியில் நின்றேன். முப்பது வருடமும் இப்படித்தானே கூட்டியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. ஏறிப் போய் உதவி செய்யலாம். ஏறவில்லை. சனம் பார்க்கிறது என்றுதான் அப்போதும் யோசித்தேன்.

மதிலோரத்துக் குவியலுக்கு மேல் என் கணவர் தறப்பாள் போட்டுக் கட்டினார். வீட்டுக்குள் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் என் பொய் வெளியே வந்துவிடும். மழை தொடங்கிவிட்டது. வாவித் தண்ணீர் மதிலடி வரைக்கும் ஏறி இறங்கியது. வருகிறவர் போகிறவர் எல்லாம், "அந்த ஆக்கள் இன்னும் வரேல்லயா?" என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று சொன்னேன். பாசிக்குடாவில் இருக்கிறார்கள், கொழும்பில் இருந்து வர வேண்டும், ஆள் சுகமில்லை. அக்காவிடம் கேட்டால் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், "வருவாங்க."

வீட்டுக்குள் அக்கா என்னோடு வழமைபோலத்தான் பேசினாள். சோறு போட்டால் சாப்பிட்டாள், முட்டை அடித்துத் தந்தாள், சீனி அளந்து தந்தாள். புது அடுப்பை மட்டும் நான் மட்டை பிரிக்காமலே வைத்திருந்தேன். "ஏன் கா, பிளக் பொருந்தல்லயா?" என்று ஒருநாள் கேட்டாள். "பொருந்தும்," என்றேன்.

பிறகு காத்தான்குடியிலிருந்து பழைய தளபாடக் கடைக்காரர் ஒருவர் சின்ன லொறியோடு வந்தார். வாவிக்கரையில் வெளிநாட்டுச் சாமான் கிடக்கிறது என்று கேள்விப்பட்டாராம். நான் யன்னலை அரைவாசி சாத்திவிட்டு உள்ளே நின்றேன். அக்கா போய்த் தறப்பாளை அவிழ்த்துக் காட்டினாள். அவர் கதிரைகளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், மேசையை விரலால் தட்டினார்.

"மரம் நல்ல உரமா இரிக்கி அக்கா," என்றார். "மேலால கொஞ்சம் பூஞ்சணம்தான். சீவி மெருகு போட்டா இந்த ஊரில கிடைக்காத சாமான். ஆனா சொந்தக்கார ஆக்கள் பிறகு வந்து கேக்க மாட்டாங்களா?"

"கேக்க மாட்டாங்க தம்பி," என்றாள் அக்கா. "அவங்கட மனசு எனக்குத் தெரியும்."

மரச் சாமான்கள் அவ்வளவும் போய்விட்டன. சூடாக்கும் இயந்திரங்களை இரும்புக்கும், மேலங்கிப் பைகளையும் மெத்தைகளையும் சும்மாவும் எடுத்தார். கட்டிலும் அந்தக் கதிரையும் நடக்கும் சட்டங்களும் தனக்கு விலைபோகாது என்று விட்டுவிட்டார். தறப்பாளின் கீழ் இப்போது அவை மட்டும் கிடந்தன.

சில வாரம் கழித்து ஒரு பின்னேரம் டீச்சர் எங்கள் வாசலுக்கு வந்தார். அவருடைய கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் இழுத்து விழுந்து, ஆஸ்பத்திரியில் இருந்து அன்றைக்குத்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். டீச்சரின் கண்கள் வீங்கியிருந்தன. எங்கள் வீட்டில் அவரை இருத்த ஒழுங்கான கதிரை இல்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருக்கவில்லை.

"ஒரு உதவி கேக்கத்தான் வந்தன்," என்றார். "அந்த ஆக்கள்ட்ட ஒருக்காக் கேட்டுப் பாப்பீங்களா? அந்தக் கட்டில. தலைமாட்ட உயத்துறது. இவருக்குப் படுத்தபடி சாப்பாடு இறங்குதில்ல. புரைக்கேறுது. குடுப்பாங்க எண்டா, நாங்க எவ்வளவு எண்டாலும்…"

"டீச்சர்," என்றேன். "அப்பிடி ஆக்கள் ஒருத்தரும் இல்ல. அது அக்காட கட்டில். அது எல்லாம் அக்காடதான். நான் அண்டைக்குப் பொய் சொன்னன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் திடுக்கிடுவார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் புள்ள," என்றார். "எல்லாருக்கும் தெரியும். பைகள்ல, கட்டில் காலில, கதிரக்கி அடியில எல்லாம் உங்கட அக்காட பேரும் இந்த வீட்டு விலாசமும் சிவப்பு மையால எழுதி ஒட்டியிருந்ததே. நீங்க பாக்கேல்லயா?"

நான் பார்க்கவில்லை. சனத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில், சாமான்களின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே இல்லை.

"அப்ப ஏன் டீச்சர், 'அந்த ஆக்கள்ட்ட கேளுங்க' எண்டு…"

"நீங்க அப்பிடித்தானே சொன்னீங்க," என்றார். "நான் வேற எப்பிடிக் கேக்கிற? உங்களுக்குச் சங்கடமா இருக்குமே."

இத்தனை வாரமாக "அந்த ஆக்கள் இன்னும் வரேல்லயா?" என்று கேட்ட ஒவ்வொரு முகமும் எனக்கு முன்னால் வந்து போனது. பாண் கடைக்காரர், கோயில் மணியடிப்பவர், கேக் வாங்க வந்த பெண்கள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் பொய் குலைந்து நான் கூனிக்குறுகி நிற்கக் கூடாது என்று ஊரே சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. பிடிபட்டிருந்தால்கூட அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

டீச்சரை நிற்கச் சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனேன். அக்கா பாயில் இருந்தபடி காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலை டீச்சர் கேட்கிறார் என்றும், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன். பிறகு அப்படியே நிலத்தில் குந்தி அழுதேன்.

"அக்கா, அண்டைக்கு நான் சொன்னது…"

"நீ சொன்னது பொய் இல்ல கா," என்றாள் அவள், எண்ணெய்க் கையை நிறுத்தாமலே. "அது வேற ஆக்கள்ட சாமான்தான். அந்தக் கட்டில்ல கடைசியாப் படுத்தது ஒரு மனிசி. என்ட கையாலதான் கண்ண மூடினன். பிள்ளைகள் வந்து, 'எங்களுக்குத் தேவயில்ல, நீ எடு' எண்டாங்க. கதிரை மேசை எல்லாம் அப்பிடித்தான். சிலது சனம் தெருவில தூக்கி வச்சது. பெட்டிய நிரப்பச் சொன்னாய். என்ட காசில வாங்கினது அந்தக் கடைசி அந்தத்தில இருந்தது மட்டும்தான்."

"நான் உங்கள நினைச்சு வெக்கப்பட்டன் அக்கா. அதுதான்…"

"தெரியும்," என்றாள். "எனக்கும் வெக்கமாத்தான் இருந்தது. சனம் நிக்கும் எண்டு நீ சொல்லியிருந்தா அந்தக் கதிரய மற்றச் சாமானுக்குப் பின்னால வச்சிருப்பன்."

அவள் சிரித்தாளா என்று நான் நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை. எழும்பிச் சேலையை உதறிக்கொண்டு, "வா, வெளிச்சம் இருக்கக்குள்ள தூக்குவம்," என்றாள்.

கட்டிலை நாங்கள் நால்வரும் தூக்கினோம். தலைமாட்டில் என் கணவரும் டீச்சரின் மகனும். கால்மாட்டில் நானும் அக்காவும். வாவிக்கரையிலிருந்து ஒழுங்கை வழியாக, ஆட்கள் வாசலில் நிற்க, அதைக் கொண்டு போனோம். என் பக்கத்துக் காலில் சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது. டீச்சர் வீட்டில் வைத்து, சுற்றும் பிடியை எப்படிப் பிடிப்பது, நோயாளியின் இடுப்பு எந்த இடத்தில் வரவேண்டும், எவ்வளவுக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று அக்கா காட்டிக் கொடுத்தாள். அவள் அந்த மனிதரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து ஒரே அசைப்பில் மேலே நகர்த்தியதைப் பார்த்தபோதுதான், அவள் அங்கே என்ன வேலை செய்தாள் என்பதை நான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்ததும் டீச்சர், "எங்க பழகினீங்க இது எல்லாம்?" என்று கேட்டார். அக்கா என்னை ஒரு தரம் பார்த்தாள். பதிலை எனக்கு விட்டாள்.

"முதியோர் இல்லத்தில வேல செய்தவ," என்றேன். "துப்புரவு வேல."

அக்கா எங்களோடு தங்கவில்லை. மழை விட்டதும் கல்லடிப் பக்கம் இரண்டு அறையுள்ள வாடகை வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு போனாள். சண்டை ஒன்றும் இல்லை. "தனிய இருந்து பழகின ஆள் நான்," என்று எல்லோருக்கும் சொன்னாள். என் கணவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். நான் கேட்கவில்லை, எனக்குக் கேட்கிற வாய் இருக்கவில்லை. நடக்கும் சட்டங்களையும் அந்தக் கதிரையையும் அவள் தன்னோடு கொண்டு போனாள். இப்போது தேவைப்படுகிறவர்கள் வந்து இரவல் வாங்கிப் போகிறார்கள், ஆள் தேறியதும் அல்லது முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுக்கிறார்கள். சில வீடுகளுக்கு அவளே போய், குளிப்பாட்டிவிட்டும் வருகிறாள்.

நான் கிழமைக்கு ஒருதரம் பாலம் கடந்து போய் அவளைப் பார்க்கிறேன். புது அடுப்பில் செய்த கேக் துண்டைக் கொண்டு போவேன். அவள் தேநீர் போட்டுத் தருவாள். பெட்டியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. போன கிழமை நான் போனபோது, அவள் வாசலில் யாரோ ஒரு பெண்ணுக்கு நடக்கும் சட்டத்தின் உயரத்தை மாற்றுவது எப்படியென்று காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டு, "இவ ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

அவள் பதில் சொல்வதற்குள், பெட்டி வாசலில் அவள் கேட்ட "இது ஆர்ட?" எனக்கு மறுபடி கேட்டது.

"என்ட தங்கச்சி," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மறுபடி சட்டத்தின் திருகாணியைப் பார்த்துக் குனிந்தாள்.